பூவத்துக்கு ஓக் என்று பேர் வைத்தேன்

அக்டோபர் 5, ஞாயிறு

மேகம் மட்டும். மழை இல்லை. புழுக்கம்.

காலை முழுக்க நர்சரியில் கன்றுக் கவர்களைத் தூக்கித் திருப்பிப் பார்க்கிற வேலை. பூவம், அத்தி, காட்டு நாவல். பாதிக்கு மேல் வேர் கவரைக் கிழித்துத் தரைக்குள் இறங்கிவிட்டது. இறங்காதது உள்ளேயே சுருண்டு கிடக்கிறது. இந்த மழைக்கு மலைக்குப் போயே ஆக வேண்டும். இன்னொரு கோடை கவருக்குள் கிடந்தால் வேர் தன்னையே இறுக்கிக்கொள்ளும். அப்புறம் நட்டும் பிரயோஜனம் இல்லை, முதல் காற்றுக்குச் சாயும்.

பூவம்தான் ஜாஸ்தி. நன்றாகவும் வந்திருக்கிறது. துளிர் இலை தாமிரச் சிவப்பு.

கன்று வாங்க வந்த ஒருவர் கேட்டார், "இது இன்னா பழம்ங்க, நாம துன்னலாமா?" புளிப்பா இருக்கும், கரடி விரும்பித் தின்னும் என்றேன். மூஞ்சி போன போக்கைப் பார்க்க வேண்டும். ஒட்டு மா எங்கே என்று கேட்டுக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

இந்தப் பூவம் வந்த வழியை அவரிடம் சொல்லவில்லை. பாதி விதை கரடிச் சாணத்தில் இருந்து அலசி எடுத்தது. மேலே மலையில் ஓடைப் பக்கம் வீடு சின்னப்பொண்ணுக்கு. அவள்தான் தேக்கிலையில் பொட்டலம் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்து கொடுப்பாள். நான் மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு சல்லடையில் போட்டுத் தண்ணீர் விடுவேன். ஒவ்வொரு தடவையும் வாந்தி வந்தது. அவள் கல்மேல் உட்கார்ந்து சிரிப்பாள். "பாயம்மா, அது துன்னது பூராவும் பழம். மனுசன் பேள்றத விட இது தேவலாம்."

இன்னும் அந்த நாற்றம் விரல் இடுக்கில் இருக்கிற மாதிரியே தோன்றுகிறது.


அக்டோபர் 6, திங்கள்

வெயில்.

சேகர் வந்தான். சென்னைக் கம்பெனி ஒன்றின் மரம் நடும் திட்டத்துக்கு இந்தப் பக்கம் கான்ட்ராக்ட் அவன்தான். கன்று வாங்குவது, ஏற்றிப்போவது, குழி போடுவது எல்லாம் அவன் பொறுப்பு. என் கன்றுகளை மலைக்கு எடுப்பதாகப் போன மாதமே பேச்சு.

வந்ததும் முதல் வேலை, நெல்லி நாற்றங்காலில் ஹான்ஸ் புகையிலையைத் துப்பினான். பழுப்பாக, நுரையோடு. "இன்னாப்பா இது" என்றேன். "மண்ணுதானக்கா" என்றான். அந்த இடத்து மண்ணை அள்ளி வெளியே போட்டேன்.

அப்புறம் விஷயம். கம்பெனிக்கு வெளிநாட்டில் இருந்து உத்தரவாம். காட்டு உயிர்களுக்காகப் பழமரம் பாதி, ஓக் மரம் பாதி நட வேண்டும். எந்தக் குளிர் தேசத்திலோ ஓக்கில் காய் காய்த்து அணிலும் கரடியும் தின்கிறது, அதை அப்படியே நம் கல்வராயன் மலைக்கும் எழுதிவிட்டார்கள்.

"இங்க ஓக் ஏதுப்பா?"

"சில்வர் ஓக் கீதுல்லக்கா. லோடு லோடா கெடைக்குது."

சில்வர் ஓக் பேரில்தான் ஓக். எஸ்டேட்டில் மிளகுக்கொடி ஏற்றுகிற மரம். பூத்தால் தேனீ வரும், அதோடு சரி. ஒரு பழம் இல்லை, ஒரு கொட்டை இல்லை. கரடி அதில் முதுகைத் தேய்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் சொன்னேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

"பழமரம் பாதி எடுத்துக்கறேன்க்கா. அத்தி, நாவல் போதும், அதுவே பாதி வந்துரும். பூவம் இந்த தடவ வேணாம்."

வேணாமாம். இவன் வேண்டாம் என்றால் பூவத்துக்கு வேறு வழி கிடையாது. இந்த மலைக்கு அத்தனையையும் ஏற்ற என்னிடம் வண்டியும் இல்லை, குழி வெட்ட ஆளும் இல்லை.


அக்டோபர் 7, செவ்வாய்

பூவம் ஏன் போக வேண்டும் என்று எனக்கே ஒருமுறை எழுதி வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பூவமும் வேண்டாம் புண்ணாக்கும் வேண்டாம் என்று விட்டுவிடுவேன் போலிருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பலா பழுத்த சமயம். சின்னப்பொண்ணு வீட்டு வாசல் பலாவுக்குக் கரடி வந்தது. அவள் புருஷன் வெளியே போனவர் எதிரில் மாட்டிக்கொண்டார். இடது கன்னம், காது, தலைத்தோல். பிழைத்தார். இப்போது சாப்பிட்டால் ஒரு பக்கமாகச் சோறு வழிகிறது. நான் பார்க்கப் போனபோது பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அதற்கு என் மேலேயே அருவருப்பு.

அதற்கப்புறம்தான் அவள் கேட்டாள். ஓடைக்கு அந்தாண்டச் சரிவு அவர்கள் குடும்பம் முன்பு சாமை போட்ட இடம், இப்போது சும்மா கிடக்கிறது. "கரடிக்கு அங்க ஒரு கட வெச்சிக் குடு பாயம்மா. அங்கயே துன்னுட்டு அங்கயே கெடக்கட்டும்." பலா பழுக்கிற அதே சமயத்தில்தான் பூவமும் பழுக்கும். நாவல் வருவதற்குள் பலா முடிந்துவிடும். அத்தி எப்போதும் காய்க்கும் என்றாலும் பலா வாசனைக்கு முன் எடுபடாது. எனவே பூவம்.

அவள் ஊரில் பாதிப்பேர் இதற்கே எதிர்ப்பு. கரடிக்கு யாராவது விருந்து வைப்பார்களா என்று. ஓடையைத் தாண்டித்தான் நடுவோம், இந்தப் பக்கம் ஒரு கன்று வராது என்று அவள்தான் வீடு வீடாகச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் கொடுத்த வாக்கை வைத்துத்தான் சொன்னாள். சேகரிடமும் அங்கேதான் நட வேண்டும் என்று பேசியிருக்கிறேன்.

சாயங்காலம் ரெஹானாவுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். வேலூரில் தாவரவியல் படிக்கிறாள், அம்மாவின் புலம்பலுக்காவது அந்தப் படிப்பு உதவட்டும். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, பூவத்துக்கு இங்கிலீஷ்ல சிலோன் ஓக்னு ஒரு பேரு இருக்கு."

"நெசமாவா?"

"நெசம்தான். ஆனா அது ஓக் இல்ல. பேரு மட்டும்தான்."

பேர் போதுமே.


அக்டோபர் 8, புதன்

சேகரை நர்சரிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். சில்வர் ஓக் மாதிரி சிலோன் ஓக் என்று ஒன்று உண்டு, என்னிடம் தயாராக நிற்கிறது.

"அக்கா, இத்த அன்னைக்கே சொல்லக்கூடாதா? சில்வர் கொஞ்சம், சிலோன் கொஞ்சம். கம்பெனிக்காரங்க குஷியாயிருவாங்க."

கன்றைக் காட்டினேன். இரண்டு நாள் முன்பு வேண்டாம் என்ற அதே வரிசை. அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. "ஃபாரின் மரம்னா கலரே தனிதான்க்கா" என்று சிவப்புத் துளிரைத் தடவினான். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. சமர்த்து என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். நம் பழக்கடையில் நாட்டு வாழைப்பழத்துக்கு வாய்க்கு வந்த பேரை வைத்து விற்பதில்லையா, அதுபோல என்றார்.


அக்டோபர் 11, சனி

தூறல். லாரி வந்து ஏற்றிப் போனது.

ஏற்றிய ஆட்கள் கன்றின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். கவரோடு தூக்குங்கப்பா என்று கத்திக் கத்தித் தொண்டை போனது. ஒருத்தன் சொன்னான், "மரந்தானம்மா, கோழியா?"

பூவம் அத்தனையும் போயிற்று. பின் வரிசையில் வளர்ச்சி குன்றிய கொஞ்சம் மட்டும் மிச்சம், அதை அவன் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அவர் கடையில் இருந்து அழுகிய பப்பாளி மூட்டை. எருவுக்காம். டிவிஎஸ்ஸில் இருந்து வாசல் வரைக்கும் சாறு ஒழுகி ஒரு கோடு. அதன்மேல் ஈ. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.


அக்டோபர் 16, வியாழன்

மேலே மரம் நடும் விழா. போகாமல் இருந்திருக்கலாம்.

இன்று பார்க்கச் சகிக்காதவை:

கன்றைக் கவரோடு குழிக்குள் இறக்கியது. கவரைக் கிழிக்கணும் என்றால் "போட்டோ முடியட்டும்மா".

"வன உயிர்களுக்கு வாழிடம் தருவோம்" என்று பேனர். அதற்குக் கீழே பிரியாணி. வாசனைக்குக் குரங்கு வந்தது. உடனே தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த அணுகுண்டைக் கொளுத்தி எறிந்தார்கள். தாய்க்குரங்கு குட்டியோடு தாவி ஓடிற்று. எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

ஓடையில் தெர்மாகோல் தட்டு. எலும்பு. அந்தத் தண்ணீரைத்தான் ஓடையின் கீழ்ப்பக்கத்து வீடுகளில் குடிக்கிறார்கள்.

இதெல்லாம் எங்கும் உள்ளதுதான். எழுத வந்தது வேறு.

வேனை விட்டு இறங்கியதுமே கண்ணில் பட்டது. ரோட்டோரம் வரிசையாகப் பூவம். ஓடைக்கு இந்தப் பக்கம். சின்னப்பொண்ணுவின் மரவள்ளிக் கொல்லையை ஒட்டி, அவள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில். ஒரு பூவம், ஒரு சில்வர் ஓக் என்று மாற்றி மாற்றி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "ஓக்" என்று தகரப் பலகை.

சேகரை ஓரமாக இழுத்தேன். ஓடைக்கு அந்தாண்ட என்றுதானே பேச்சு?

"பழமரம்தான்க்கா அந்தாண்ட. அத்தி, நாவல் பூராவும் போயிருச்சி, வேணும்னா போய்ப் பாருங்க. ஓக்குதான மெயினு? அத்த அந்தாண்ட வெச்சா யாரு பாக்கறது? வேனு அங்க போவாதுல்ல."

அத்தியும் நாவலும் சரியாகவே அங்கே போயிருந்தன. பூவத்தை இன்னொரு வண்டி, இன்னொரு ஆள் பார்த்தாவது பூவமாகவே அனுப்பியிருந்தால் அதுவும் அவற்றோடு போயிருக்கும். ஓக் என்று பேர் வைத்த பாவத்துக்கு முன்வரிசை.

இது கரடி தின்கிற மரம், காய்த்தால் இந்த வீட்டு வாசலுக்கே கரடி வரும் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் மைக்கில் என் பேர். ஓக் கன்றை ஊட்டி வளர்த்த சகோதரி என்றார்கள். பொன்னாடை. யாரோ என் தோளைப் பிடித்துக் கேமராவுக்குத் திருப்பினார்கள். சிரித்தேன். பல் தெரிய.

மரவள்ளிக்கு நடுவில் சின்னப்பொண்ணு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பூவம் இலை தெரியாதா? விதையை யார் பொறுக்கியது? பக்கத்தில் துண்டைத் தலையோடு சுற்றிக்கொண்டு அவள் புருஷன். அவள் என்னைக் கூப்பிடவில்லை, கையும் காட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

நானும் பேசாமல் வேனில் ஏறி வந்துவிட்டேன். தூ.


அக்டோபர் 17, வெள்ளி

நல்ல மழை.

பொன்னாடையை மோட்டாருக்குப் போர்த்தினேன். "குளுருக்கு ஆவுமே ஷமீம், ஏன் வீணாக்கற?" என்றார். அதைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது என்றேன். கடைக்குக் கிளம்பிவிட்டார். தீபாவளி வியாபாரம்.

சேகருக்குப் போன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் விழா போட்டோ மட்டும் அனுப்பினான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். பின்னால் பச்சையாக மரவள்ளி. அழித்தேன்.

நானே போய் ஒவ்வொன்றாகப் பெயர்த்து ஓடையைத் தாண்டி நட வேண்டியதுதான். மழை இருக்கும்போதே செய்தால் பிழைக்கும். தீபாவளி முடிகிற வரை கூலிக்கு ஒருத்தரும் வர மாட்டார்கள், பஸ்ஸும் கூட்டம்.


அக்டோபர் 22, புதன்

காலை பஸ். கடப்பாரை, ஈரச்சாக்கு, நர்சரியில் இருந்து இரண்டு பெண்கள்.

ஒரு பூவம்கூட இல்லை.

பிடுங்கிப் போட்டிருந்தது. ரோட்டோரம் குவியலாக. வேர் காய்ந்து கயிறு போல. சிவப்புத் துளிர் கருகிச் சுருண்டு. கிழிக்காத கவர் சிலதில் அப்படியே. சில்வர் ஓக் ஒன்றுக்கும் சேதம் இல்லை. வரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்று, ஜம்மென்று நிற்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் நேரே அவள் வாசலுக்குப் போனேன். சின்னப்பொண்ணு மரவள்ளித் தோலைச் சீவிக்கொண்டு இருந்தாள்.

"நீயா புடுங்கின?"

"நான்தான்."

"ரெண்டு வருசம் வளத்தது. நீ பொறுக்கின வெதைதானே? ஒரு வார்த்த எனக்குச் சொல்லிருக்கலாமே. நான் வந்து மாத்தி வெச்சிருப்பேன்ல?"

கத்தியைக் கீழே வைத்தாள். குரல் ஏறவே இல்லை.

"நீ சிரிச்சிக்கினு நின்ன பாயம்மா. மேலுக்குத் துணி போத்திக்கினு. அன்னைக்கி ராத்திரியே ஊரு கூடிருச்சி. ஓடைக்கு அந்தாண்டன்னு சொன்னியே, எங்க உன் பாயம்மான்னு கேட்டாங்க. நான் இன்னா சொல்றது? வெடிஞ்சதும் நானே புடுங்கிட்டேன். அவங்க புடுங்குனா அந்தாண்ட இருக்கற அத்தியையும் சேத்துப் புடுங்கிருப்பாங்க."

கூட வந்த பெண்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே இருந்து அவள் புருஷன் வெளியே வந்தார். டீத்தூள் இல்லை, சுக்குத்தண்ணி குடிக்கிறீங்களா என்று எனக்குத்தான் கேட்டார். வாய் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. இந்தத் தடவை பார்வையைத் திருப்பவில்லை. வாங்கிக் குடித்தேன். சுக்கு தூக்கலாக இருந்தது.

கிளம்பும்போது சொன்னேன், ஓக் என்று பொய் சொல்லித்தான் ஏற்றிவிட்டேன், அதனால்தான் ரோட்டுக்கு வந்தது என்று. அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. "ஓக்குன்னா இன்னா?" என்று கேட்டாள்.

சேகர் மேலும் கம்பெனி மேலும் காறித் துப்பியே இந்த நோட்டில் இத்தனை பக்கம் ரொப்பியிருக்கிறேன். செத்துக் கிடக்கிற கன்றுக்கு அவர்கள் பாதிக் காரணம். மீதி நான்.


அக்டோபர் 24, வெள்ளி

மழை. நர்சரிக்குள் கணுக்கால் வரை சேறு.

எதிலும் கை வைக்கப் பிடிக்கவில்லை. பின் வரிசையில் நின்ற மிச்சப் பூவத்தை எடுத்துக் களை பறித்தேன். நோஞ்சான்கள். ஒன்று முழு விரல் கனம்கூட இல்லை. ஆனால் சின்னதாக இருப்பதால் வேர் இன்னும் சுருளவில்லை.


அக்டோபர் 28, செவ்வாய்

தூறல் விட்டு வெயில்.

பத்து மணி பஸ்ஸில் சின்னப்பொண்ணு வந்து இறங்கினாள். சொல்லாமல் வந்தாள். இரண்டு வெறுங்கூடை. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"மிச்சம் எதுனா கீதா?"

பின் வரிசையைக் காட்டினேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து அடியைத் தட்டிப் பார்த்தாள். இரண்டைத் தள்ளி வைத்தாள். நானும் கூட வந்து நடட்டுமா என்று கேட்டேன். யோசித்தாள். "வா. ஆனா ஊருக்குள்ள வராத. ஓடையோரமா வா" என்றாள். சரி என்றேன்.

கூடையில் அடுக்கும்போது போன். சேகர். இத்தனை நாள் எடுக்காதவன் தானாகவே கூப்பிடுகிறான். என் இரண்டு கையும் சேறு, ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, அங்க மேல சிலோன் ஓக்கு பூரா எவனோ புடுங்கிட்டானாம். கம்பெனிக்காரங்க ரீபிளேஸ் பண்ணணும்னு சொல்றாங்க. அடுத்த மழைக்கு ஒரு லோடு போட்டுக் குடுங்கக்கா. ரேட்டு பாத்துக்கலாம்."

"அது ஓக் இல்ல சேகர். பூவம். நான்தான் உன்கிட்ட பேர மாத்திச் சொன்னேன்."

"எதுவா இருந்தா இன்னாக்கா, பேரு கீதுல்ல."

"அதுல பழம் வரும். கரடிக்கு ரொம்பப் புடிக்கும். வாசனைக்கே தேடிக்கினு வரும்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மிருகம் வர்ற மரமாக்கா அது? அய்ய, அப்ப வேணாம். நம்ம திட்டத்துக்கு அது ஒத்து வராது."

வைத்துவிட்டான்.

சின்னப்பொண்ணு கூடையைத் தலைக்கு ஏற்றினாள். சும்மாடு சரியாக இல்லை, இறக்கி மறுபடி ஏற்றினாள்.

"இந்தாளும் எங்க ஊர்க்காரங்க சொன்னதத்தான் சொல்றான்" என்றாள்.

இன்னொரு கூடையை நான் தூக்கிக்கொண்டேன். பதினொன்றேகால் பஸ்.